ஆயில் ஃபில்டர் அசையவே மாட்டேன் என்கிறது, எந்த ரிமூவர் வாங்குவது?

நீங்கள் கேட்டது இது: பெட்ரோல் மாருதி கார், இத்தனை நாளும் வெளியில்தான் சர்வீஸ். இந்த முறை வீட்டிலேயே ஆயில் மாற்றலாம் என்று உட்கார்ந்தீர்கள். ஃபில்டரைக் கையால் திருகினால் அசையக்கூட இல்லை. ஆன்லைனில் தேடினால் கப், செயின், பெல்ட், மூன்று கால், இடுக்கி என்று பத்து விதம் வருகிறது, எதை வாங்குவது? கேட்டது ஒரு கேள்விதான், ஆனால் அதற்குள் இரண்டு இருக்கின்றன. இப்போது சிக்கிக்கொண்டு நிற்கும் இந்த ஒரு ஃபில்டரை எப்படிக் கழற்றுவது என்பது ஒன்று. இனிமேல் வருஷா வருஷம் மாற்றுவதற்கு வீட்டில் எதை வைத்துக்கொள்வது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு முதல் ஆறு வருஷம் நாமக்கல்லில் லாரி பட்டறையில் இருந்தேன். அதற்குப் பிறகு இன்று வரை கார்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. லாரிக்காரனுக்கு ஃபில்டர் என்றாலே செயின் ஸ்பேனர்தான். லாரி ஃபில்டர் பெரியது, பிடிக்க நீளம் இருக்கும், சுற்றி இடம் இருக்கும். செயினைச் சுற்றி ஒரு இழு இழுத்தால் வந்துவிடும். அதே கையோடு கார் பக்கம் வந்த புதிதில் நான் நசுக்கிய ஃபில்டர்களுக்குக் கணக்கில்லை. கார் ஃபில்டர் உள்ளங்கையில் அடங்குகிற தகர டப்பா. செயின் கடிக்கும், டப்பா ஒடுங்கும், ஒடுங்கிய டப்பாவில் செயின் வழுக்கும். அதனால் செயின் வகையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கடைக்காரர் இதுதான் நல்ல கெட்டி என்று சொல்வார். கெட்டிதான், உங்கள் ஃபில்டர்தான் கெட்டி இல்லை.

ஃபில்டர் ஏன் இப்படி இறுகுகிறது என்று தெரிந்தால் எந்தக் கருவி வேலை செய்யும் என்பதும் தானாகப் புரியும். பலர் நினைப்பதுபோல மரை இறுகுவதில்லை. டப்பாவின் வாய்ப்பக்கம் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறதே, அதுதான் ஆள். என்ஜின் சூட்டில் பல மாதம் வெந்து, எண்ணெயில் ஊறி, என்ஜின் உடலான பிளாக்கின் முகத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. மாட்டியவர் அந்த வாஷரில் ஒரு விரல் எண்ணெய் தடவாமல் உலர்வாக மாட்டியிருந்தால் ஒட்டு இன்னும் பலம். அதற்கு மேல் கருவி போட்டும் ஒரு இறுக்கு இறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் காரில் நடந்தது அநேகமாக இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும். அவசரத்தில் இருக்கும் பையன் லீக் ஆனால் திட்டு வாங்குவோம் என்று பயந்து இறுக்குவான். நானும் இறுக்கியவன்தான்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. இந்த ஒரு முறைதான் போராட்டம். அடுத்ததை நீங்களே எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கினால், அடுத்த வருஷம் அது பெரும்பாலும் கையோடு வரும், இல்லையென்றால் ஒரு கப்பைப் போட்டுத் தட்டினால் வரும். ஆகவே வருஷா வருஷத்துக்கான கருவி என்பது சாதாரணமானது. கஷ்டமெல்லாம் இன்றைய ஃபில்டருக்குத்தான்.

முதலில் காசு செலவில்லாத வழி. என்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஃபில்டர் தொடும்படியான வெதுவெதுப்பில் இருந்தால் ரப்பர் கொஞ்சம் இளகும், சுட்டால் பொறுங்கள். டப்பாவின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடையுங்கள். பழைய சைக்கிள் டியூபில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி ஃபில்டரைச் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். டியூப் இல்லாவிட்டால் உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் டப்பாவில் படும்படி வைத்துப் பிடிக்கலாம். கையால் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதிலேயே வந்துவிடும். ஏனென்றால் அவர்களுக்குக் குறைந்தது பலம் இல்லை, பிடிமானம்தான். திருகும் திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது இடம் வலம் மாறிப்போகும். டப்பாவின் மூடிய அடிப்பாகத்தை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழலும். கழற்றுகிறேன் என்று நினைத்து இறுக்கிவிட்டு வருகிறவர்களை நான் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம், வீடியோக்களில் பெரும்பாலும் சொல்லாதது. ஆயிலை வடிப்பதற்கு முன்னாலேயே ஃபில்டர் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கால் சுற்று நகர்ந்தால் போதும், திரும்பக் கையால் மூடிவிட்டு, பிறகு ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் திறக்கலாம். லேசாகக் கசிந்தால் கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள். அசையவே இல்லையென்றால் ஆயில் இன்னும் உள்ளே இருக்கிறது, வண்டி ஓடும், பக்கத்துப் பட்டறைக்கு ஓட்டிப் போய் ஃபில்டரை மட்டும் இளக்கித் தரச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆயில் முழுக்கத் தட்டில், ஃபில்டர் வண்டியில், கடையெல்லாம் மூடல் என்று நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். அப்படியே மாட்டிக்கொண்டாலும் பயப்பட வேண்டாம். டப்பா சேதமாகாமல் இருந்தால் டிரெயின் போல்ட்டை மூடி, புது ஆயிலை ஊற்றி, பழைய ஃபில்டரோடேயே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். டப்பா ஓட்டையாகிவிட்டால் மட்டும் அந்த வழி அடைபடும்.

இப்போது கருவிகள். கப் என்று நாங்கள் சொல்வது ஃபில்டரின் அடியில் தொப்பி மாதிரி உட்காரும் பட்டை போட்ட மூடி. ஃபில்டரின் மூடிய முனையில் சுற்றிலும் தட்டையாகச் சில பட்டைகள் இருக்கும், எண்ணிப் பாருங்கள், 14, 15, 16 என்று ஏதாவது ஒன்று இருக்கும். கப்பின் உள்ளே அதே எண்ணிக்கையில் அதே அகலத்தில் பட்டைகள் இருக்க வேண்டும். 65 மில்லிமீட்டர் 14 பட்டை, 74 மில்லிமீட்டர் 14 பட்டை என்று இரண்டையும் சேர்த்துத்தான் அளவு சொல்வார்கள். இதன் பெரிய வசதி, பக்கவாட்டில் இடமே தேவையில்லை. கப்பைச் செருகி, நடுவில் இருக்கும் சதுர ஓட்டையில் எக்ஸ்டென்ஷன் என்ற நீட்டிப்புக் கம்பியைப் போட்டு, ராட்செட் என்ற திருகும் கைப்பிடியைத் தூரத்திலிருந்து இழுக்கலாம். இடுக்கில் ஒளிந்திருக்கும் ஃபில்டருக்கு இதைவிட வசதியானது எதுவும் இல்லை. இதில் தப்பு நடப்பது ஒரே இடத்தில்தான். அளவு ஒரு மில்லிமீட்டர் தளர்வாக இருந்தாலும் நன்றாக இறுகிய ஃபில்டரில் கப் சுழன்று பட்டைகளை வழித்துவிடும். ஒருமுறை வழித்தால் அந்த ஃபில்டருக்குக் கப் இனி உதவாது.

அதனால்தான் எல்லாரிடமும் சொல்வேன்: கருவியை ஆன்லைனில் கார் பேரைப் போட்டு வாங்காதீர்கள். காரின் பெயர் முக்கியமில்லை, ஃபில்டரின் பெயர்தான் முக்கியம். ஒரே காருக்கு கம்பெனி ஃபில்டர் ஒரு பட்டை எண்ணிக்கையிலும், வெளிக் கம்பெனி ஃபில்டர் வேறு எண்ணிக்கையிலும் வருவது சகஜம். இப்போது வண்டியில் எது இருக்கிறது என்று படுத்துப் பார்த்துப் பட்டைகளை எண்ணுங்கள், முடிந்தால் டப்பாவில் அச்சடித்திருக்கும் எண்ணை போனில் படம் எடுங்கள். புது ஃபில்டரை முதலில் வாங்கி, அதையும் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் தெருவில் இருக்கும் டூல்ஸ் கடைக்குப் போய், கப்பை அங்கேயே புதிய ஃபில்டரின் மேல் வைத்துப் பாருங்கள். கையால் ஆட்டினால் ஆடக்கூடாது, லேசாக அழுத்தித்தான் உட்கார வேண்டும். இப்படி வாங்கின கப் உங்கள் வருஷா வருஷக் கேள்விக்குப் பதில். அதே கம்பெனி ஃபில்டரையே தொடர்ந்து போட்டால் பல வருஷம் வரும்.

இன்றைய ஃபில்டருக்கு நான் மூன்று காலைச் சொல்வேன். ராட்செட்டில் மாட்டுகிற மாதிரி நடுவில் சதுர ஓட்டை, அதைச் சுற்றி மூன்று வளைந்த கால்கள். திருகத் திருக உள்ளே இருக்கும் பல்சக்கரம் கால்களை நெருக்கி டப்பாவைக் கவ்வும். அளவு சரியாகப் பொருந்த வேண்டும் என்ற கவலை இல்லை. 60 சொச்சம் மில்லிமீட்டரிலிருந்து 100 வரை திறக்கிற மாதிரி ஒன்று இருந்தால் சின்னக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஆகும். எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு இறுகக் கவ்வும் என்பதுதான் அதன் சூட்சுமம். குறை என்னவென்றால், கால்கள் விரிய ஃபில்டரைச் சுற்றி இரண்டு விரல் இடமாவது வேண்டும். உங்கள் காரில் அந்த இடம் இருக்கிறதா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. வாங்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது, ஃபில்டரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு விரலைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில்கூட விரல் தட்டினால் மூன்று கால் வேண்டாம், கப்பை நம்புங்கள். இன்னொன்று, இது டப்பாவில் வடு போடும். அதனால் புது ஃபில்டரை மாட்ட இதை எந்தக் காலத்திலும் எடுக்காதீர்கள்.

பெல்ட் வகை, அதாவது நைலான் பட்டையோ மெல்லிய இரும்புப் பட்டையோ சுற்றி இழுப்பது, மோசம் இல்லை. ஆனால் டப்பாவில் துளி எண்ணெய் இருந்தாலும் வழுக்கும், கைப்பிடியைச் சுழற்றப் பக்கவாட்டில் இடம் வேண்டும். கையில் இது மட்டும்தான் இருக்கிறது என்றால், பட்டையை ஃபில்டரின் வாய்ப்பக்கம், பிளாக்கை ஒட்டிப் போடுங்கள். அங்கே உள்ளே தடித்த இரும்புத் தட்டு இருப்பதால் டப்பா ஒடுங்காது. மூடிய முனைப்பக்கம் வெறும் மெல்லிய தகரம். பட்டைக்கும் டப்பாவுக்கும் நடுவில் அந்த உப்புத்தாளை வைத்தால் வழுக்கலும் குறையும். இடுக்கி வகைக்கும் இதே பேச்சுதான்.

ஸ்குரூ டிரைவர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாராவது ஒருவர் கீழே கட்டாயம் எழுதுவார். ஃபில்டரை ஊடுருவ ஒரு நீள ஸ்குரூ டிரைவரை அடித்து இறக்கி, அதையே கைப்பிடியாக வைத்துத் திருப்புவது. பழைய வழி, சில சமயம் வேலை செய்யும். நான் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு பட்டறையில் ஒரு பழைய காருக்கு இப்படித்தான் செய்தேன். சுத்தியால் இரண்டு அடி, உள்ளே போனது. திருப்பினேன், ஃபில்டர் திரும்பவில்லை, தகரம் சாப்பாட்டு டின் மாதிரி கிழிந்து வந்தது. விடாமல் இன்னொரு இடத்தில் அடித்தேன், அதுவும் கிழிந்தது. கடைசியில் டப்பாவும் உள்ளே இருந்த மடிப்புத் தாளும் கையோடு வந்துவிட்டன, பிளாக்கில் அந்த வட்டத் தட்டு மட்டும் மிச்சம், பிடிக்க ஒன்றும் இல்லை. பட்டறை முதலாளி சின்ன உளியை எடுத்து, தட்டின் விளிம்பில் சாய்வாக வைத்து, எதிர்த்திசையில் தட்டித் தட்டி, ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்திக் கழற்றினார். ரப்பர் உட்காரும் முகத்தில் உளி பட்டால் என்ஜினில் நிரந்தர லீக் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம். வீட்டில் உங்களுக்கு அந்த உளியும் அந்தக் கையும் இல்லை. ஸ்குரூ டிரைவர் வரைக்கும் யோசனை போனால், அதுதான் பட்டறைக்குப் போன் செய்ய வேண்டிய நேரம்.

இதுவரை சொன்னதெல்லாம் திருகி மாட்டும் தகர டப்பா வகைக்கு. கொஞ்சம் பழைய கதை: அந்தக் காலத்தில் ஃபில்டர் என்றால் ஒரு கிண்ணத்துக்குள் வைக்கும் தாள்தான், நடுவில் ஒரு போல்ட், சாதா ஸ்பேனர் போதும். 1950களில்தான் மொத்தமாகத் திருகிக் கழற்றித் தூக்கிப் போடும் டப்பா வந்தது, அதோடு இந்தக் கருவித் தொல்லையும் வந்தது. இப்போது பல கார்களில் மறுபடி தாள் வகைக்கே போய்விட்டார்கள். டொயோட்டாவின் 1.8 லிட்டர் கொரோல்லா, ஃபோக்ஸ்வாகன் டீசல்கள் பலவும் அப்படி. அவற்றில் ஒரு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய மூடி இருக்கும், அதற்குக் கச்சிதமான கப்போ சாக்கெட்டோதான் போட வேண்டும். அந்த ஃபோக்ஸ்வாகன் மூடிகளுக்கு 32 மில்லிமீட்டர் சாக்கெட். மூன்று காலை அதில் போட்டால் மூடி உடையும். மூடியிலேயே எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை 25 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருப்பார்கள், அது அலங்காரத்துக்கு இல்லை. உங்களுடையது மாருதி பெட்ரோல் என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

புதிய ஃபில்டரை மாட்டுவதில் சந்தேகமே இல்லாத சில விஷயங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயைப் பாருங்கள், ரப்பர் வாஷர் அதில் இருக்கிறதா என்று. இல்லையென்றால் அது பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புதியதை மாட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். முதலில் ஒன்றும் தெரியாது, என்ஜின் வேகம் எடுக்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் வாஷர் பிதுங்கி மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டும். இதில் என்ஜின் போன வண்டியை நான் பிரித்திருக்கிறேன். பிறகு, மரை. ஜப்பானிய வழிக் கார்களில் 20 மில்லிமீட்டர் மரையும், வேறு சிலவற்றில் முக்கால் இஞ்ச் மரையும் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி. இரண்டு சுற்றிலேயே இறுகினால் நிறுத்திவிட்டு, வாங்கியது சரியான நம்பர்தானா என்று பாருங்கள், பலவந்தம் வேண்டாம்.

புதிய வாஷரில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். கையால் திருகி, ரப்பர் பிளாக்கைத் தொட்ட நொடியில் நிறுத்தி, மார்க்கரால் டப்பாவில் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து முக்கால் சுற்று, கையால் மட்டும். சில ஃபில்டர்களில் 1, 2, 3, 4 என்று சுற்றிலும் எண் அச்சடித்திருப்பார்கள், அது இந்த முக்கால் சுற்றை அளக்கத்தான். உங்கள் ஃபில்டர் பெட்டியில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கை எட்டவில்லை, வழுக்குகிறது என்றால் கப்பை வெறும் கையால் பிடித்துத் திருப்பலாம், ராட்செட் வேண்டாம். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால், இரண்டு நிமிஷம் ஓடவிட்டு டார்ச் அடித்து ஃபில்டர் ஓரத்தையும் டிரெயின் போல்ட்டையும் பாருங்கள். பிறகு நிறுத்தி, சற்றுப் பொறுத்து, டிப் ஸ்டிக்கில் அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைத் தூக்குவது பற்றி ஒரே வரி: வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான், அதன் அடியில் தலையை விடாதீர்கள், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். நான் சொன்ன எல்லா ஃபில்டர் கருவியும் சேர்ந்தாலும் அந்த ஸ்டாண்டுகளின் விலை வராது, அப்படியும் முதலில் வாங்க வேண்டியது ஸ்டாண்ட்தான். பழைய ஆயிலைக் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் சேர்த்து வைத்து மறுசுழற்சிக்காரர்களுக்குப் போடுவார்கள். கரையானுக்கு நல்லது என்று கட்டிலுக்கும் கதவு நிலைக்கும் பூசச் சொல்லிக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. எரிந்த ஆயிலில் புற்றுநோய் வரவைக்கும் சேர்மங்கள் இருக்கின்றன, வீட்டுக்குள் வேண்டாம். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டு, அதையும் அதே பட்டறையில் சேர்த்துக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் முன்னால், அந்த மார்க்கரைக் கீழே வைக்காமல், புது ஃபில்டரின் அடியில் இன்றைய தேதியும் கிலோமீட்டரும், வாங்கிய கப் எத்தனை மில்லிமீட்டர் எத்தனை பட்டை என்பதும் எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் படுத்துப் பார்க்கும்போது கப்பைத் தேடவோ பட்டையை எண்ணவோ வேண்டியிருக்காது.